தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற முதுகலை: வாதாடவும், பேச்சு நடத்தவும், தொழில் தொடங்கவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டப்படிப்பை முடித்த பிள்ளை மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்டால் நம் வீடுகளில் சொல்லப்படுவது எம்பிஏ, சட்டம், ஆசிரியர் பயிற்சி, இவ்வளவுதான். நீடித்த மேம்பாட்டுக்காக மக்கள் சார்பில் வாதாடுவது, அரசதந்திரம், தொழில்முனைவு மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முதுகலைகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்: ஓரிடத்தில் நீடித்த மேம்பாட்டு நிர்வாகம் என்பார்கள், இன்னோரிடத்தில் அனைத்துலக மேம்பாடு என்பார்கள். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு மற்ற யாரையும்விட நன்றாகப் பொருந்தும். அது ஏன் என்பதையும், இதில் சேருகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதையும் எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் பொருந்தும் விதிகள் இப்போது புருசெல்ஸில் எழுதப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023 ஜூனில் அதன் அதிகாரபூர்வ இதழில் வெளியானது. செம்பனை, ரப்பர் இரண்டும் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து நட்ட நிலத்தின் விளைச்சல் ஐரோப்பாவுக்குள் போக முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்குப் புவியிடக் குறிப்பு காட்ட வேண்டும். நிலம் 4 ஹெக்டருக்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும். அதைத் தாண்டினால் எல்லை முழுவதையும் புள்ளி புள்ளியாகச் சுற்றி வரைய வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் தசமத்துக்குப் பின்னால் குறைந்தது ஆறு இலக்கம் வேண்டும். இறக்குமதியாளர்கள் இதைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய நாள் முதலில் 2024 டிசம்பர் 30 என்றிருந்து, பிறகு தள்ளிப் போனது. 2025 மே மாதம் மலேசியா நடுத்தர அபாயப் பிரிவில் வைக்கப்பட்டது. அந்தப் பிரிவில் உள்ள நாட்டிலிருந்து வாங்குகிறவர்களில் 3 விழுக்காட்டினரை ஆண்டுதோறும் சோதிப்பார்கள். அபாயம் குறைந்த நாடு என்றால் 1 விழுக்காடு, கூடிய நாடு என்றால் 9.

சட்டத்தைப் படிக்கும்போது இது நேராகத்தான் தெரிகிறது. களத்தில் சிக்குகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் குலையை நேரே ஆலைக்கு அனுப்புவதில்லை, பழம் வாங்கும் இடைத்தரகரிடம் போடுகிறார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் தரகர் யாருடைய குலை எது என்று பிரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். நிலத்தின் அடையாளம் அந்த லாரியிலேயே தொலைந்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் வரைபடம். பழைய நில அளவைத் தாள்களில் உள்ள ஆயங்கள் மாநிலத்துக்கென்று வகுத்த காசினி முறையில் இருக்கும். கைப்பேசி காட்டுவது உலகப் பொது முறை. சரியாக மாற்றிக் கணக்கிடாமல் ஏற்றினால் நிலம் இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் போய் உட்காரலாம். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுகிறவர் கண்ணுக்கு அது காட்டுக்குள் வைத்த செம்பனையாகத் தெரியும். பியா காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. கைப்பேசியை மட்டைகளுக்கு அடியில் நின்று பிடித்தாலும் புள்ளி பல மீட்டர் விலகும். எல்லைக்கல் அருகில், வானம் திறந்து தெரியும் இடத்தில், எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் நிலப் பட்டாவான கிராண்ட் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருந்தால் வேலை நின்றுவிடும். 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்தில் மனுப் போட்டு வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யாததால் செம்பனை வாரிய உரிமத்திலும், 2020 ஜனவரி முதல் கட்டாயமாகிவிட்ட எம்எஸ்பிஓ எனும் மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழிலும் தடங்கல் வருகிறது.

இந்தச் சிக்கல்களைத் தீர்க்க மூன்று விதமான வேலை தெரிந்த ஆள் வேண்டும். சிறுதோட்டக்காரரின் நிலையை ஆதாரத்தோடு எடுத்து வைக்க வேண்டும். மலேசியாவும் இந்தோனேசியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு போன்ற மேசைகளில் நடக்கும் பேச்சின் போக்கு புரிய வேண்டும். குலையைப் பிரித்து வாங்கும், நிலத்தை அளந்து கொடுக்கும் ஒரு தொழிலை ஊரிலேயே நடத்திக் காட்டவும் வேண்டும். வாதாட மட்டும் தெரிந்தவர் மனுவோடு நின்றுவிடுகிறார். அரசதந்திரம் மட்டும் படித்தவருக்குக் குலை போடும் இடம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தொழில் மட்டும் தெரிந்தவர் விதி மாறிய மறுநாள் கடையைச் சாத்துகிறார்.

நம் சமூகத்தில் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் வீதிக்கு வந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. 1954இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர் பி.பி. நாராயணன், அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவே உயர்ந்தார். அவர்கள் அனுபவத்தில் அடிபட்டுக் கற்றதை இன்று இரண்டு ஆண்டுக்குள் முறையாகக் கற்க வழி இருக்கிறது. அந்த வரிசையில் நம் பிள்ளைகள் இன்று போதுமான அளவில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வாதாடுவது என்றால் மேடையில் முழங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி எண் வேலை, தாள் வேலை. 2019 ஆகஸ்டில் ஐநாவின் கடும் வறுமை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தார். அப்போது அரசின் வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட்; அந்தக் கணக்கில் 2016இல் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. அந்தக் கோடு காலாவதியானது என்று அவர் நேரடியாகச் சொன்னார். அரசு முதலில் மறுத்தது. 2020 ஜூலையில் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டபோது அதே 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடு ஆனது. புள்ளிவிவரத்தில் இல்லாமலே போயிருந்த ஏழைக் குடும்பங்கள் இந்த ஒரு திருத்தத்தில் கணக்குக்குள் வந்தன. உள்நாட்டு ஆய்வாளர்கள் பல காலம் சொல்லிவந்ததும், வெளியிலிருந்து ஒரு ஐநா அதிகாரி வந்து அழுத்தியதும் சேர்ந்தபோதுதான் அது நடந்தது.

ஐநா மனித உரிமை மன்றத்தில் நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் பரிசீலனைக்கு வரும். மலேசியாவின் முறை கடைசியாக 2024 ஜனவரியில் வந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பாகவே எந்த அரசு சாரா அமைப்பும் அறிக்கை அனுப்பலாம். தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொல், அதற்குமேல் ஏற்கமாட்டார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். வந்த அத்தனை அறிக்கைகளையும் சேர்த்துச் செயலகம் பத்துப் பக்கத்துக்குள் சுருக்கிவிடும். ஆகவே உணர்ச்சியாக எழுதிய பத்தி ஒன்றுகூட அந்தச் சுருக்கத்தில் தங்காது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை குடும்பம், அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால்தான் தங்கும். லயத்து வீட்டின் ஒழுகும் கூரையைப் பற்றி எழுதுகிறவர் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு நடக்கிறது என்றால் வேலைநீக்க இழப்பீடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிமுறை தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்தைத் தாண்டினால் 20 நாள். இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். இந்த மலையடிவாரத்தில் நமக்கு அண்டையில் வாழும் தெமியார் ஒராங் அஸ்லி மக்களின் நில உரிமையும் இதே முறையில், இதே மேசையில்தான் பேசப்படுகிறது. நம் பிரச்சினையை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் அரைகுறையாகத்தான் பேசுவார்.

வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு எவ்வளவு வலு என்பதை 2020இல் பார்த்தோம். கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத் துறை நம் நாட்டின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அந்த ஆண்டு செப்டம்பரிலும் டிசம்பரிலும் தடுத்து நிறுத்தியது. அளவுகோலாக எடுத்துக்கொண்டது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 11 அடையாளங்களை. கடப்பிதழைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதன் பிறகே அந்நியத் தொழிலாளர்கள் தரகர்களுக்குக் கட்டிய பணம் பல மில்லியன் ரிங்கிட் அளவில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் மலேசியா கட்டாய உழைப்பு பற்றிய 2014ஆம் ஆண்டின் நெறிமுறையையும் ஏற்றது. அந்த 11 அடையாளங்களையும் தொழிலாளியின் மொழியில் கேட்டுப் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு இன்று தணிக்கை நிறுவனங்களிலும் தோட்ட நிறுவனங்களின் நிலைத்தன்மைப் பிரிவுகளிலும் வேலை இருக்கிறது. தமிழும் மலாயும் பேசி, தோட்ட வேலையின் ஓட்டமும் தெரிந்த பிள்ளை அங்கே முதல் நாளிலிருந்தே பயன்படுவார்.

சரி, படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரத் தாளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அரசதந்திரப் பாடம் வரலாறும் கோட்பாடும் மட்டும்தானா, அல்லது உண்மையான வரைவு உடன்படிக்கையைக் கையில் கொடுத்துப் பேசவைக்கிறார்களா என்று பாருங்கள். வரைவுகளில் இன்னும் ஒத்துக்கொள்ளப்படாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். எந்த அடைப்பை எதற்கு ஈடாக விட்டுக்கொடுப்பது, எதை விடிய விடியப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் பேச்சுவார்த்தை முழுவதும் இருக்கிறது. அதை ஒருமுறையாவது செய்து பார்க்காமல் வெளிவரும் பட்டம் எனக்கு ஏற்புடையதல்ல. தொழில்முனைவுப் பாடத்தில் பணப்புழக்கக் கணக்குப் போடச் சொல்கிறார்களா, வெறும் யோசனைப் போட்டியா என்பதையும் கேளுங்கள். களப்பயிற்சி குறைந்தது மூன்று மாதமாவது இருக்க வேண்டும்.

தொழில் திட்டம் எப்படிச் சறுக்கும் என்பதற்கு நம் ஊருக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு. ஆலையில் 100 டன் குலை அரைத்தால் ஏறக்குறைய 22 டன் வெற்றுக்குலை மிஞ்சும். அதை உரமாக்கி விற்கலாம் என்று மாணவர்கள் திட்டம் எழுதுகிறார்கள், மூலப்பொருள் செலவு சுழியம் என்றும் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஆலைகள் வெற்றுக்குலையைத் தங்கள் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பி மரத்தடியில் பரப்புகின்றன. எழுத்துமூலமான வழங்கல் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு லாரிகூட உறுதியில்லை. கிடைத்தாலும் அது ஈரமும் பருமனுமான பொருள். லாரி வாடகையில் பாதித் தண்ணீரைத்தான் சுமக்கிறோம். குவித்து வைத்து, ஆலைக் கழிவுநீர் தெளித்து, ஒழுங்காகப் புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். புரட்டாமல் விட்டால் குவியலுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கட்டைவிரல் பருமனுக்குப் புழு வளர்ந்து, வண்டாகி, பக்கத்து இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கும். முதல் வாடிக்கையாளராக வர வேண்டிய அண்டைத் தோட்டக்காரர் முதல் புகார்க்காரராக வந்து நிற்பார். இதையெல்லாம் கணக்கில் கொண்டுவரச் சொல்லும் பேராசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அமைப்பு வடிவத்தையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், ஆனால் அது வாணிபத்துக்கு ஏற்றதில்லை. 2016ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரே ஆள் செண்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் நிறுவனம் தொடங்கலாம். சிறுதோட்டக்காரர்களின் குலையைச் சேர்த்து விற்கும் வேலைக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கூட்டுறவே சரி என்பேன். லாபம் குலை போட்டவருக்கே திரும்பும், அதனால் அவர் தரகரிடம் திரும்பிப் போகமாட்டார்.

உள்நாட்டில் படிக்க விரும்புவோர் சன்வே பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சாக்ஸ் நீடித்த மேம்பாட்டு மையம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் லெஸ்தாரி கழகம், பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலிருந்து தேடலைத் தொடங்கலாம். வெளிநாட்டில் கோஸ்டா ரிக்காவில் ஐநா பொதுப்பேரவை 1980இல் நிறுவிய அமைதிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்நாட்டுப் படிப்பு எதுவானாலும் பணம் கட்டுமுன் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண்ணில் பிஏ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏ என்றிருந்தால் முழு அங்கீகாரம். பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதாவது 1,600 மணி நேரம். வார இறுதியில் மட்டும் படித்து ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று முகவர் சொன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள்.

பட்டம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 30 வயதைத் தாண்டியவர், எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமாவும் தொடர்புள்ள வேலை அனுபவமும் இருந்தால், முன் அனுபவக் கற்றலை மதிப்பிடும் ஏபெல் வழியாக முதுகலைக்கு வரலாம். தேர்வும் உண்டு, அனுபவக் கோப்பும் தயாரிக்க வேண்டும். தொழிற்சங்கக் கிளையில் பல ஆண்டு செயலாளராக இருந்தவரிடம் கோப்பில் வைக்க நிறைய இருக்கும், ஆனால் கூட்டக் குறிப்பு, கடிதம், பயிற்சிச் சான்றிதழ் எதையும் பத்திரப்படுத்தியிருக்கமாட்டார். இன்றே ஒரு கோப்பு போட்டு வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்கு எடுக்கலாம் என்பது உண்மை. தோட்டத் தொழிலாளியின் சேமநிதியில் இருப்பதே கொஞ்சம். அதை முதுகலைக்கு எடுக்காதீர்கள் என்று பிள்ளைகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உபகாரச் சம்பளங்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. பட்டத்துக்குமேல் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஏறக்குறைய இரண்டு ஆண்டு. தன்னார்வப் பணியும் பகுதிநேர வேலையும் இதில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. கோயில் வளாகத்தில் டியூஷன் நடத்தியதும், சிறுதோட்டக்காரர்களுக்கு எம்எஸ்பிஓ பாரம் நிரப்பிக் கொடுத்ததும் மணிக்கணக்கில் வரும், பொறுப்பில் இருந்தவர் கையொப்பத்தோடு பதிந்து வைத்திருந்தால். படித்து முடித்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் நோக்கத்துக்கு அது நல்லதுதான். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது: கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம்.

இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் தோற்பது பெரும்பாலும் கட்டுரையில். ஐநாவின் நீடித்த மேம்பாட்டு இலக்குகள் 17ஐயும் வரிசையாகச் சொல்லி உலகைக் காப்பேன் என்று எழுதுகிறார்கள். தேர்வுக்குழுவுக்கு அந்த இலக்குகள் மனப்பாடம். இத்தனை சிறுதோட்டக்காரர்கள், இந்த இடத்தில் சான்றிதழ் நிற்கிறது, நான் இதைச் செய்தேன், இது மட்டும் முடியவில்லை, அதற்கு இந்தப் பாடம் வேண்டும் என்று எழுதுங்கள். பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிப்பதைவிட இரண்டு ஆண்டு களத்தில் வேலை பார்த்துவிட்டுப் போவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். ஆங்கிலத் தேர்வான ஐஎல்ட்ஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், சீக்கிரமே எழுதிக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும். எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் பல அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் வாங்கும். எனவே ஆண்டுதோறும் ஜூலையில் உங்கள் கல்விப் பக்கத்தில் இந்த உபகாரச் சம்பளங்களின் அந்த ஆண்டுத் தேதிகளையும், உள்நாட்டு முதுகலைகளின் அங்கீகார நிலையையும் தமிழில் ஒரே பக்கமாக வெளியிடுங்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அதை வெட்டி ஒட்டும் வேலையை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.